பைசா வட்டியும் பாடப்புத்தக வட்டியும்

தமிழ்நாட்டு எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்று ஒரு பாடம் உண்டு. சதவீதம், இலாபம், நட்டம், கூட்டு வட்டி எல்லாம் அதில் வருகின்றன. ஆண்டு வட்டி 8 சதவீதம், 10 சதவீதம் என்று கொடுத்திருப்பார்கள். சூத்திரத்தில் போட்டால் விடை வந்துவிடும். அந்தப் பாடத்தைப் படித்த பையன் வீட்டுக்குப் போனால், அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் "மூணு பைசா வட்டிக்குத்தான் கெடச்சுது" என்று சொல்லிக்கொண்டிருப்பார். மூன்று பைசா வட்டி என்றால் ஒரு ரூபாய்க்கு மாதம் மூன்று பைசா. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். பள்ளிக்கூடத்துப் பத்தைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் காதுக்கு என்னவோ மூன்று, பத்தைவிடச் சின்னதாகத்தான் கேட்கிறது. பன்னிரண்டு ஆண்டுப் படிப்பில் இந்த இரண்டு வட்டியையும் ஒரே கரும்பலகையில் எழுதிக் காட்டிய வகுப்பு எத்தனை இருக்கும்?

இது வெறும் அங்கலாய்ப்பு இல்லை. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைக் கடைகளில் வேலை செய்யும் சிறுவர்களை வைத்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2025இல் 'நேச்சர்' இதழில் வந்தது. எடை, விலை, மீதிச் சில்லறை என்று சிக்கலான வியாபாரக் கணக்கை மனத்திலேயே போட்டுச் சொன்ன பிள்ளைகள், அதே கூட்டல் கழித்தலைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது திணறினார்கள். கடை அனுபவம் இல்லாத பள்ளிப் பிள்ளைகளோ தாள் கணக்கில் தேறி, சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஒரு பக்கம் கற்றது மறுபக்கத்துக்குத் தானாகப் போய்ச் சேருவதில்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பணம் கையாளக் கற்றுக்கொடுப்பது பற்றிப் பேசும்போது இந்தச் சுவரை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

பேச்சுக்கு இப்போது ஒரு அவசரமும் வந்திருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம், பெண்ணின் கல்யாணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்துவந்தது. அது உயர்கல்வி உறுதித் திட்டமாக, 'புதுமைப் பெண்' என்ற பெயரில், 2022 செப்டம்பர் 5 அன்று உருமாறியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டுக் கல்லூரியோ பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் 'தமிழ்ப் புதல்வன்' தொடங்கியது. பையன்களுக்கும் அதே தொகை. கல்யாண வீட்டுக்குப் போன பணம் இப்போது பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது. பல குடும்பங்களில், அவள் பெயரில் மாதாமாதம் வந்து விழும் முதல் வருமானம் இதுதான். தொகை சிறிது. ஆனால் பணப் பாடம் நடத்த நினைப்பவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. மாணவரின் கையில் அவருக்கே சொந்தமான பணம், தெரிந்த தேதியில், தொடர்ந்து சில ஆண்டுகளுக்கு வருகிறது.

அந்த ஆயிரம் ரூபாயை முன்னிட்டே எவ்வளவு சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அரசு உதவி ஆதார் வழியாக வரும்போது, ஆதார் எண் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்குத்தான் பணம் போகும். சிம் கார்டு வாங்கப் போன இடத்தில் கைரேகை வைத்து இன்னொரு கணக்கும் தொடங்கிவிட்டால் பணம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். மாணவி பழைய பாஸ்புக்கைப் புரட்டிக்கொண்டு வங்கியில் நிற்பாள். பிளஸ் டூ முடிக்கும்போது பெரும்பாலோருக்குப் பதினேழு வயது. பத்து வயது தாண்டிய சிறுவர் தானே கணக்கை இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014இலேயே சொல்லிவிட்டது, 2025 ஏப்ரலில் அந்த விதிகளைப் புதுப்பித்தும் இருக்கிறது. ஆனால் பதினெட்டு முடிந்ததும் புதுக் கையெழுத்து மாதிரி கொடுத்து, இயக்கும் விதத்தையும் மாற்றி எழுதித்தர வேண்டும். அது தெரியாமல் கல்லூரி முதலாண்டின் நடுவில் கணக்கு முடங்கியவர்கள் உண்டு. மே கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் கணக்கிலிருந்து கழிந்திருக்கும். பிரதமர் பெயரிலான ஆயுள் காப்பீட்டுக்கும் விபத்துக் காப்பீட்டுக்கும் ஆண்டுக்கட்டணம் அது. பதினெட்டு முடிந்தபின் வங்கியில் நீட்டிய படிவத்தில் எங்கோ ஒரு கையெழுத்துப் போட்டிருப்பாள். திருட்டு என்று பதறவும் வேண்டாம், கவனிக்காமல் விடவும் வேண்டாம் என்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் படித்தவர்களுக்குச் 'சஞ்சயிகா' நினைவிருக்கும். பள்ளிக்குள்ளேயே ஒரு குட்டி வங்கி. மாணவர்களே காசாளர், மாணவர்களே கணக்கர். மேற்பார்வைக்கு ஒரு ஆசிரியர். ஐந்து காசு, பத்துக் காசு என்று கட்டி அட்டையில் பதிந்து வாங்குவார்கள். ஆண்டிறுதியில் அதை எடுத்துப் பேனாவோ ஜாமெட்ரி பாக்ஸோ வாங்கியதில் கிடைத்த கர்வத்தை எந்தப் பாடமும் தராது. இன்றைய பள்ளிகளில் அந்தச் சொல்லைக் கேட்டால் ஆசிரியர்களே விழிக்கிறார்கள். அக்டோபர் 30 உலகச் சிக்கன நாளில் கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் மிஞ்சின. சிக்கனத்தைப் பற்றி அழகாகப் பேசிப் பரிசு வாங்குவது ஒன்று, காசாளர் நாற்காலியில் உட்கார்ந்து மாலையில் கணக்கு நேராகும்வரை எழுந்திருக்காமல் இருப்பது வேறொன்று.

பின்னாளில் வேலை டெல்லிக்கும் மும்பைக்கும் போயிற்று. ரிசர்வ் வங்கி, செபி, காப்பீட்டு ஆணையம், ஓய்வூதிய ஆணையம் நான்கும் சேர்ந்து தேசிய நிதிக்கல்வி மையத்தை நிறுவின. சி.பி.எஸ்.இ. மாணவர்களுக்குப் பயிற்சி நூல்கள் வந்தன. ரிசர்வ் வங்கி படக்கதை போட்டது. ஆண்டுதோறும் நிதி விழிப்புணர்வு வாரம் நடக்கிறது. அந்த மையத்தின் 2019ஆம் ஆண்டு நாடு தழுவிய கணக்கெடுப்பில் நிதி அறிவு உள்ளவர்கள் 27 சதவீதம் என்று வந்தது. வாரம் கொண்டாடுவதில் தவறில்லை. ஆனால் வங்கி மேலாளர் வந்து ஒரு மணி நேரம் பேசி, பேனரோடு படம் எடுத்துக்கொண்டு போகும் கூட்டத்தில் பின்வரிசைப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் எல்லை தெரியும்.

பாடம் நடத்தினால் பலன் உண்டா என்ற கேள்வியில் உலக ஆய்வுகளே நீண்டகாலம் முட்டிக்கொண்டன. ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்டிமேயர் மூவரும் 2014இல் 201 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, நிதிக்கல்வியால் மக்களின் பண நடத்தையில் விளையும் மாற்றம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றார்கள். எப்போதோ கேட்ட பாடம் கரைந்துவிடுகிறது. முடிவெடுக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சொல்லிக்கொடு என்பது அவர்கள் தந்த யோசனை. 2022இல் கைசர், லுசார்டி உள்ளிட்டோர், சீட்டுக் குலுக்கிப் பிரித்த குழுக்களை வைத்து நடந்த 76 சோதனைகளை மட்டும் எடுத்து ஆராய்ந்து, அறிவிலும் நடத்தையிலும் பலன் தெளிவாகவே தெரிகிறது என்று மறுத்தார்கள். அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றிய கோல், பால்சன், சாஸ்திரி ஆய்வு இன்னொரு குறும்பான முடிவைச் சொன்னது. கட்டாய நிதிப் பாடத்தால் பெரிய மாற்றமில்லை, கூடுதலாகக் கணக்குப் பாடம் படித்தவர்கள்தான் பின்னாளில் கடனை ஒழுங்காகக் கையாண்டார்கள். அதே நாட்டில் பின்னால் வந்த ஸ்டாடர்ட், அர்பன் இருவரின் ஆய்வோ, நிதிப் பாடம் கட்டாயமான மாநிலங்களின் பிள்ளைகள் கல்லூரிச் செலவுக்கு வட்டி அதிகமான தனியார் கடனை விட்டு, வட்டி குறைந்த அரசுக் கடனுக்கு நகர்ந்தார்கள் என்று காட்டியது. பள்ளி முடித்த கையோடு எடுக்கும் முடிவில் பாடம் வேலை செய்திருக்கிறது. முதல் மூவர் சொன்ன 'பக்கத்தில் சொல்' என்பதோடு இது ஒத்துப்போகிறது.

எல்லாவற்றிலும் எனக்குச் சுவையாகப் பட்டது பிரேசில் கதை. 2010, 2011இல் ஆறு மாநிலங்களில் 892 உயர்நிலைப் பள்ளிகளைக் குலுக்கிப் பிரித்துப் பாதிப் பள்ளிகளில் நிதிப் பாடம் நடத்தினார்கள். தனிப் பாடவேளை கிடையாது. கணக்கு, சமூகவியல், மொழி வகுப்புகளுக்குள்ளேயே கலந்தார்கள். பிள்ளைகளின் அறிவு கூடியது, சேமிப்பும் கூடியது. வீட்டில் பெற்றோரின் அறிவும்கூடச் சற்று ஏறியது. ஆனால் அந்தப் பிள்ளைகள் கிரெடிட் கார்டையும் தவணை முறையையும் முன்பைவிட அதிகமாகப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள்! கத்தியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தால் கத்தியை எடுத்துப் பார்க்கத்தானே செய்வார்கள். அத்தோடு நிறுத்தியிருந்தால் திட்டம் தோல்வி என்றே முடிந்திருக்கும். ஒன்பது ஆண்டு கழித்து அதே ஆட்களின் கடன் பதிவுகளைத் தேடிப் பார்த்தபோது நிலைமை திரும்பியிருந்தது. பாடம் கேட்டவர்கள் வட்டி அதிகமான கடனைக் குறைவாகத் தொட்டிருந்தார்கள், தவணை தவறுவதும் குறைந்திருந்தது, சிறுதொழில் தொடங்கியவர்கள் கூடியிருந்தார்கள். பதினாறு வயதில் போட்ட விதை இருபத்தைந்தில் முளைத்திருக்கிறது. ஓராண்டுக்குள் பலன் கேட்கும் அதிகாரிகள் இதைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

நம் நாட்டு ஆய்வு ஒன்றும் இதனோடு சேர்கிறது. அகமதாபாத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு வீடியோ வழியாக நிதிப் பாடம் நடத்தியபோது, பாடம் மட்டும் கேட்டவர்கள் வழக்கம் மாறவில்லை. ஒரு இலக்கு வைக்கச் சொல்லி, ஆளுக்கு ஆள் உட்கார்ந்து ஆலோசனையும் கொடுத்தபோதுதான் வரவு செலவு எழுதுவதும் சேமிப்பதும் மாறின.

அந்நியப் பாடத்திட்டத்தை அப்படியே இறக்குமதி செய்தால் இங்கே இடிக்கும் இடம் ஒன்று உண்டு. அந்தப் புத்தகங்களில் வரும் இளைஞன் தனியாள். சம்பாதிக்கிறான், 'தேவை', 'ஆசை' என்று இரண்டு பத்தி போட்டுப் பிரிக்கிறான், மிச்சத்தைச் சேமிக்கிறான். நம் பிள்ளையின் ஆயிரம் ரூபாயில் பஸ் பாஸ் போக மிஞ்சுவது தம்பியின் நோட்டுக்கோ வீட்டு கேஸ் சிலிண்டருக்கோ போகிறது. தேவையா ஆசையா? அவளைக் கேட்டால் கடமை என்பாள். பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் ஆடியில் மொய் விருந்து நடக்கும். எந்த வீட்டில் எவ்வளவு வைத்தோம், திரும்ப எவ்வளவு வர வேண்டும் என்று மொய் நோட்டில் தலைமுறைக் கணக்கு இருக்கும். வட்டியில்லாக் கடன், காப்பீடு, உறவுக்கான சான்று மூன்றும் ஒரு நோட்டில். ஜூன் மாதம் பள்ளி, கல்லூரிக் கட்டணம் கட்ட அம்மாவின் கழுத்துச் சங்கிலி அடகுக்கடைக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ போய் வருகிறது. தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு, ஏலச் சீட்டு என்று சேமிப்புக்கு நம்மிடம் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. இவற்றையெல்லாம் 'முறைசாரா' என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட்டு மியூச்சுவல் ஃபண்டிலிருந்து பாடம் தொடங்கும் ஆசிரியரைப் பிள்ளைகள் மரியாதையாகக் கேட்பார்கள், அவ்வளவுதான். சீட்டு நடத்துபவர் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தவரா, ஏலத்தில் தள்ளுபடி போக உண்மையில் கைக்கு வந்தது எவ்வளவு, அதை வட்டியாக மாற்றினால் எத்தனை பைசா என்று தொடங்கிப் பாருங்கள். வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

பள்ளி முடிந்த கையோடு எடுக்கும் பெரிய பண முடிவு கல்விக் கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை பெற்றோரின் கையெழுத்தே போதும். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால்தான் சொத்துப் பிணை. படிப்புக் காலமும் அதன்மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. 'படிச்சு முடிச்சுக் கட்டிக்கலாம்' என்ற இந்த வாக்கியம்தான் வீடுகளில் புழங்குகிறது. தவணைதான் நிற்கும், வட்டி நிற்காது என்ற பாதி அதில் விட்டுப்போகிறது. நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு ஆண்டு வட்டி. தனி வட்டியாகப் போட்டாலே 1,40,000 ரூபாய். முதல் தவணை நாளில் கடன் 5,40,000 என்று நிற்கும். பத்தாண்டில் கட்டினால் மாதம் சுமார் 7,100 ரூபாய். படிக்கும்போதே வட்டியைக் கட்டிவந்திருந்தால் அது சுமார் 5,300. குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கோ படிப்புக்கோ உரிய தர அங்கீகாரமும் இருந்தால் அந்த 1,40,000 வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. ஆக, அங்கீகாரம் இல்லாத கல்லூரியைத் தேர்ந்தெடுத்த தவறின் விலை ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம். இதைக் கலந்தாய்வுக்கு முன் சொல்வதா, கடன் வாங்கிய பிறகு சொல்வதா? 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம் எட்டு லட்சம் வருமானம் வரை 3 சதவீத வட்டிச் சலுகை தருகிறது, அதுவும் குறிப்பிட்ட தரமுள்ள கல்லூரிகளுக்கே. கடன் மகன் பெயரிலும் அப்பா பெயரிலும் சேர்ந்தே ஓடுவதால், தவறினால் இருவரின் கடன் மதிப்பெண்ணும் விழும்; அப்பாவுக்கு நாளைக்கு டிராக்டர் கடன் கிடைக்காது.

கல்லூரிக்குப் போகாதவர்களைப் பாடத்திட்டக்காரர்கள் மறந்தேவிடுகிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ ஒரகடம், ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைக்கோ ஒப்பந்தத் தொழிலாளியாகப் போகும் பதினெட்டு வயதுக்காரருக்கு முதல் சம்பளச் சீட்டே ஒரு புதிர். சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப்., 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. என்று பிடித்திருப்பார்கள். முதலாளி பங்கில் ஒரு பகுதி ஓய்வூதியத்துக்குப் போகிறது. பத்தாண்டுப் பணி இருந்தால்தான் அந்த ஓய்வூதியம். வேலை மாறும் ஒவ்வொரு முறையும் பி.எஃப்.ஐ எடுத்துச் செலவழித்துவிடுவது இளைஞர்களின் பொதுவழக்கம். பழைய எண்ணையே புதுக் கம்பெனியிலும் கொடுத்தால் சேவைக்காலம் தொடரும் என்பதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

பொறிகளைப் பற்றி எச்சரிக்காத பேச்சாளர் இல்லை. ஆனால் பயமுறுத்துவது பெரும்பாலும் பாடமாவதில்லை. கணக்கு போட்டுக் காட்டலாம். கடன் செயலியில் 5,000 ரூபாய் கேட்டால் கட்டணமெல்லாம் கழித்து 3,200 வரும்; ஏழு நாளில் 5,000 திருப்ப வேண்டும். வாரத்துக்கு 56 பைசா, மாதத்துக்கு 225 பைசா வட்டி. கந்து வட்டியை 2003இல் சட்டம் போட்டுத் தடுத்த மாநிலத்தில் இந்த எண்ணைப் பைசாவில் சொன்னால் எந்த அம்மாவும் வாயில் கை வைப்பார். ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிப்படி கடனின் மொத்த ஆண்டுச் செலவை முன்பே காட்ட வேண்டும், பணம் நேராக வாங்குபவர் கணக்குக்கு வர வேண்டும். இரண்டும் இல்லாத செயலியைக் கண்டால் விலகிவிடலாம். அதைவிட ஆபத்தானது, "உன் அக்கவுண்ட கொஞ்ச நாள் கொடு, மாசம் அஞ்சாயிரம் தர்றேன்" என்று விடுதி அறைக்கு வரும் ஆசை. மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியே ஓடும். போலீஸ் தேடி வரும்போது கணக்குக்காரர்தான் முதல் ஆள். பணத்தைப் பறிகொடுத்தால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும், கணக்கை வாடகைக்கு விடுவதே குற்றம் என்பது தெரியாது.

ஆன்லைன் ரம்மிக்கு எதிராகத் தமிழ்நாடு போராடிச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டமே பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்குத் தடை போட்டது. ஆனால் அதே விரல் இப்போது பங்குச் சந்தையின் ஊக வணிகத்துக்கு நகர்ந்திருக்கிறது. செபியின் 2024 அறிக்கைப்படி மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். அவர்களில் முப்பது வயதுக்கு உட்பட்டவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 ஆக ஏறியது. பாதி வெந்த நிதிக்கல்வி இவர்களை உள்ளே தள்ளுகிறதோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு. 'பணத்தைப் பெருக்கு' என்ற தலைப்பில் நடக்கும் பல வகுப்புகள் வாடிக்கையாளர் பிடிக்கும் வலைகள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு முடிச்சு. கணக்கு மகள் பெயரில் இருக்கும், ஏ.டி.எம். கார்டு அப்பாவின் சட்டைப்பையிலும், ஜிபே அண்ணனின் போனிலும். பின் எண் குடும்பத்துக்கே பொது. 'யாரிடமும் பின் எண்ணைச் சொல்லாதே' என்ற வாசகத்தை அவளிடம் சொல்வது எளிது. வீட்டில் அதைச் சொல்லிப் பார்க்க அவளுக்கு ஒரு துணை வேண்டும். இங்கே தாயையும் வகுப்புக்கு அழைப்பதுதான் வழி என்று நினைக்கிறேன். மகளிர் சுய உதவிக் குழுவில் பதினைந்து ஆண்டாகத் தீர்மானப் புத்தகம் எழுதி, வங்கிக் கடனை வாங்கிப் பிரித்துத் திருப்பிய அம்மாக்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வகுப்பு எடுக்க வங்கி மேலாளரைவிட அவர்களே பொருத்தம்.

எப்போது நடத்துவது என்பதற்கு விடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பிளஸ் டூ முடிவு வந்தபின் கல்லூரி திறக்கும்வரை சில வாரங்கள்; 2022இல் தொடங்கிய 'கல்லூரிக் கனவு' வழிகாட்டல் கூட்டங்கள் அந்தப் பருவத்தில்தான் நடக்கின்றன. எந்தப் படிப்பு என்று கேட்க வரும் பிள்ளையும் பெற்றோரும் அங்கே ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். கல்விக் கடன் கணக்கை அப்போதே கரும்பலகையில் போடலாம். முதல் ஆயிரம் ரூபாய் கணக்கில் விழும் மாதம் கல்லூரியில் இரண்டாவது வகுப்பு. பதினெட்டாவது பிறந்தநாளை ஒட்டி மூன்றாவது. சூத்திரங்கள் பள்ளியிலேயே ஆகிவிட்டன. இங்கே பாஸ்புக், சம்பளச் சீட்டு, அடகு ரசீது ஆகியவைதான் பாடநூல்.

இதில் ஒரு தயக்கம் மட்டும் தீரவில்லை. 'வீட்டிலிருந்து அடகு ரசீது ஒன்று கொண்டுவாருங்கள்' என்று ஆசிரியர் சொன்னால், சிலர் கொண்டுவருவார்கள். சிலர் இல்லை என்பார்கள். ஒரு பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கே வராது. வீட்டுக் கடனை வகுப்பில் விரித்துக் காட்டும் கூச்சம் பெரியவர்களுக்கே உண்டு. அதனால் ஆசிரியரே பெயரும் ஊரும் மறைத்த பழைய ரசீதுகள் சிலவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளைகள் அவற்றைக் கையில் வாங்கித் தேதி, எடை, வட்டி என்று வரிவரியாகப் படிக்கட்டும். தங்கள் வீட்டு ரசீதில் இருப்பதும் இதே வரிகள்தான் என்று எந்தப் பிள்ளைக்குத் தோன்றுகிறதோ, அந்தப் பிள்ளை மாலையில் வீட்டுக்குப் போய் அதைத் தேடி எடுத்துப் பார்த்துக்கொள்ளும்.